சம்புன் சொல்லத் தெரியாத பூனை

காசியெம்மின் கடையிலிருந்து யாரும் அரை வயிற்றோடு எழுந்து போனதில்லை. பொனொரோகோ டவுனுக்குத் தெற்கே, சந்தை முக்கில், விடிந்தும் விடியாததுமாக அவள் பாயை விரித்துவிடுவாள். தேக்கு இலையில் சுடுசோறு, மேலே அவித்த கீரையும் முளைப்பயறும், அதன்மேல் நிலக்கடலையும் மிளகாயும் பனைவெல்லமும் சேர்த்து இடித்த கெட்டிக் குழம்பு. செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் என்று வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. இலையைப் பார்த்தே போட்டுவிடுவாள்.

அப்படிப்பட்டவளால் ஒரு பூனையைச் சாப்பிட வைக்க முடியவில்லை.

பூனை அவளுடையதல்ல, மகள் வார்தினியுடையது. காசியெம்மின் கணவன் சுமத்ராவுக்கு மரம் வெட்டப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டவன். ஒரே மகள் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனாள். சவப்பெட்டியில் திரும்பி வந்தாள். அதன்பின் அந்த வீட்டில் காசியெம்மைத் தவிர மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது அந்தப் பூனை மட்டும்தான்.

வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு என்று மூன்று நிறம். மூன்று நிறப் பூனைக்கு எங்கள் பக்கத்தில் தெலோன் என்று பெயர். வேறு பெயர் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்பார்கள். காசியெம்மின் வீட்டுக்கு வந்த அதிர்ஷ்டத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் சொல்கிறார்கள்.

தெலோனின் நாக்கு குட்டியிலேயே நீளம். மூங்கில் கூடையில் அடுக்கி விற்கிற உப்பில் வெந்த பிண்டாங் மீன் மட்டும்தான் இறங்கும். அதிலும் முதுகுச் சதைதான் வேண்டும், வயிற்றுப்பக்கம் ஆகாது. முள்ளெடுத்து, சோற்றோடு விரலால் பிசைய வேண்டும். சோறு சுடவும் கூடாது, ஆறிவிடவும் கூடாது. வார்தினி எதிரே குந்தி உட்கார்ந்து, "புஸ், புஸ்" என்று கூப்பிட்டபடி ஒரு விரலால் தட்டின் ஓரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பாள். தட்டுவது நின்றால் பூனை தலையைத் தூக்கிப் பார்க்கும்.

"சுல்தான் அரமனைக்குப் போக வேண்டியது, வழி தவறி நம்ம வீட்டுக்கு வந்திருச்சு" என்பாள் காசியெம்.

"அங்க போயிருந்தா கூட்டத்துல ஒண்ணும்மா. இங்கதான் அவ ராணி" என்பாள் மகள்.

வார்தினி வெளிநாடு போன பிறகு அந்த வேலை தாயின் தலையில் விழுந்தது. வாரத்தில் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்யும் வீட்டு எஜமானி போனைக் கொஞ்ச நேரம் அவள் கையில் கொடுப்பாள். படத்தோடு பேசுவார்கள். காசியெம் தன் போனைத் தண்ணீர்ப் பானையில் சாய்த்து வைத்து, பூனையின் தட்டை அதற்கு நேரே வைப்பாள்.

முதல் கேள்வி எப்போதும் தாயுடையது. சாப்பிட்டாயா?

மகளின் பதிலும் எப்போதும் ஒன்றுதான். "சம்புன்மா."

சம்புன் என்றால் ஆயிற்று என்று பொருள். எங்கள் ஊரில் யார் எதிர்ப்பட்டாலும் சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவர் சம்புன் என்பார். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தாலும் சம்புன்தான். இன்னும் இல்லை என்பதற்கு தெரெங் என்று ஒரு சொல் இருக்கிறது. மழை வந்ததா, பஸ் போனதா என்று கேட்டால் அதைத் தாராளமாகச் சொல்லலாம். சாப்பாட்டுக்குச் சொன்னால் பிச்சை கேட்பது போல. பால் மறக்கும் முன்பே பிள்ளைகளுக்கு இதைப் பழக்கிவிடுகிறோம். பழகாத பிள்ளையை வளர்ப்பு சரியில்லை என்கிறோம். பட்டினியை ஒளிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு அதற்குப் பணிவு என்று பெயர் வைத்த ஊர், பட்டினி போடுகிறவனுக்கு எவ்வளவு பெரிய ஒத்தாசை செய்கிறது என்று யாரும் யோசித்ததில்லை.

சம்புன் சொன்ன கையோடு வார்தினி பூனையைக் கேட்பாள். மீனைக் கிட்டே கொண்டுவந்து காட்டச் சொல்வாள். இன்னொரு துண்டு வை, அவள் மெதுவாகத் தின்னட்டும் என்பாள். பிறகு பேச்சே இருக்காது. பூனை தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். பெற்றவளை விட்டுவிட்டுப் பூனையைப் பார்க்கத்தான் போன் பண்ணுகிறாயா என்று காசியெம் ஒருமுறை கேலி செய்தாள். மகள் சிரித்தாள். கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. என்னடி இப்படி இளைத்துவிட்டாய் என்றதற்கு, இந்த ஊரில் ஒல்லியாக இருந்தால்தான் அழகாம் என்று பதில் வந்தது. காசியெம்மின் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு ஜுமிரா, சினிமாக்காரி மாதிரி ஆகிவிட்டாளே என்று மெச்சிக்கொண்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. அதற்கப்புறம் வேன் வந்தது.

வேனோடு வந்தவர் சுகெங். வார்தினியை வேலைக்கு அனுப்பிய ஏஜெண்ட். நாலு ஊர்ப் பெண்களை அனுப்பியவர். பள்ளிவாசலுக்கு ஓடு போட்டுக் கொடுத்தவர். இதயம் நின்றுவிட்டது என்று காகிதத்தில் எழுதியிருப்பதாகச் சொன்னார். எல்லாருக்கும் கடைசியில் அதுதான் நிற்கிறது. எதனால் நின்றது என்று எழுத அந்தக் காகிதத்தில் இடம் விடவில்லை. பெட்டியைத் திறக்க வேண்டாம் அக்கா, பழைய முகமே மனதில் இருக்கட்டும் என்று அவரே காசியெம்மின் தோளைப் பிடித்துச் சொன்னார். திறக்கவில்லை. பெட்டியைத் தூக்கியவர்கள் இலேசாக இருக்கிறதே என்றார்கள். பாவம் செய்யாத உடம்பு இலேசாகத்தான் இருக்கும் என்று துஆ ஓத வந்தவர் விளக்கம் சொன்னார். தாய்க்கு அது ஆறுதலாக இருந்தது. ஓதி முடித்து, எல்லாம் விதி என்றார்கள். விதி என்கிற சொல்லைப்போல் வசதியானது வேறு இல்லை. அதைச் சொன்ன பிறகு யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை.

தெலோன் சாப்பாட்டைக் குறைத்தது அதன்பிறகுதான். முதலில் பாதித் தட்டு மிஞ்சியது. பிறகு முக்கால் தட்டு. பிறகு மீன் வெந்த தண்ணீரை நக்கிவிட்டுப் போய், வார்தினியின் பழைய சட்டைகள் இருந்த கூடைக்குள் சுருண்டு படுத்துக்கொண்டது. முதுகெலும்பு விரலில் தட்டுப்படத் தொடங்கியது.

காசியெம் என்ன செய்யவில்லை? பிண்டாங் முதுகுச் சதையைப் பொடியாக உதிர்த்து வைத்தாள். கோழி ஈரலை அவித்தாள். மஞ்சள்கருவைக் கரைத்தாள். டவுனில் போய், பூனைப்படம் போட்ட டின் வாங்கி வந்தாள். அவள் அந்த டின்னைத் திறப்பதைப் பார்த்த ஜுமிராவின் கணவன், அடுத்த பிறவி என்று ஒன்று இருந்தால் காசியெம் வீட்டுப் பூனையாகப் பிறக்க வேண்டும் என்றான். தட்டை மாற்றிப் பார்த்தாள், இடத்தை மாற்றிப் பார்த்தாள். மகளைப்போலவே குந்தி உட்கார்ந்து, புஸ் புஸ் என்று கூப்பிட்டு, ஒரு விரலால் தட்டின் ஓரத்தைத் தட்டினாள். ஒவ்வொரு தடவையும் பூனை ஓடி வந்தது. முகர்ந்தது. ஒரு வாய் எடுத்தது. பிறகு யாரோ அடித்ததுபோல் பின்வாங்கி, தட்டைப் பார்த்துச் சீறிவிட்டுப் போய்ப் படுத்தது.

"இது துக்கம் காக்குது யெம்" என்றாள் ஜுமிரா. காசியெம்மை அவள் சுருக்கி அப்படித்தான் கூப்பிடுவாள். "நூறு நாள் வரைக்கும் உம் பொண்ணு இந்த வீட்டத்தான் சுத்திக்கிட்டிருப்பா. நம்ம கண்ணுக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும். பாரு, சாப்பிட வரும்போதெல்லாம் எதையோ பாத்து மெரளுது. கட்டாயப்படுத்தாத."

ஜுமிரா கெட்டவள் அல்ல. துக்க வீட்டில் பாத்திரம் கழுவிக் கொடுத்தவள், இரவெல்லாம் கூட இருந்தவள். அவள் சொன்ன கதை ஊரெல்லாம் பரவியது. வளர்த்தவளுக்காக நோன்பிருக்கும் பூனையைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காசியெம்மும் நம்பினாள். நம்பத்தான் விரும்பினாள். காகிதத்துக்கு மகள் ஒரு நின்றுபோன இதயம், ஏஜெண்டுக்கு முடிந்துபோன ஒரு வேலை; இந்த ஒரு உயிராவது சோற்றைத் தள்ளிவிட்டு அவளுக்காக அழுகிறதே. ஆனால் இதுவும் போய்விட்டால்? இரண்டும் அவள் நெஞ்சில் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. தட்டை வைக்கும்போது தின்றுவிடு என்று கெஞ்சினாள். தின்னாமல் போகும்போது உள்ளே எங்கோ ஓர் ஓரத்தில் நிம்மதியும் பட்டாள்.

அவளும் சாப்பிடவில்லை. ஊருக்கே சோறு போட்டுவிட்டு வந்து, தன் தட்டை மூடி வைத்துவிடுவாள். கேட்டவர்களுக்கெல்லாம் சம்புன் என்றாள்.

அந்த நிலைமையில்தான் யாத்மி வந்தாள். வெளிநாட்டில் வார்தினி வேலை செய்த மாடிக்கட்டடத்தில் அடுத்த வீட்டு வேலைக்காரி. பக்கத்து வட்டாரப் பெண். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவள் கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு வாசலில் நின்றாள். காசியெம் அவளை உட்கார வைத்து, வழக்கம்போல் சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

"சம்புன்" என்றாள் யாத்மி. சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்த, அந்தக் கேள்விய மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."

அப்புறம் சொன்னாள். வார்தினி இருந்த வீட்டில் குளிர்பெட்டிக்குப் பூட்டு. சாவி எஜமானியின் இடுப்பில். காலையில் ஒரு ரொட்டித் துண்டு, ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சினால் ஏதாவது. வேலை சுணங்கினால் அதுவும் கிடையாது. துணி காயப்போட ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிற மூங்கில் கழியின் நுனியில் யாத்மி ஒரு தலையணை உறையைக் கட்டி, அதற்குள் சோற்றுப் பொட்டலம் வைத்துத் தள்ளுவாள். அந்தப் பக்கத்திலிருந்து வார்தினியின் கழி வந்து அதைக் கொக்கி போட்டு இழுத்துக்கொள்ளும். ஒருநாள் எஜமானி பார்த்துவிட்டாள். அதோடு அந்த ஜன்னலும் பூட்டப்பட்டது. அதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைக்குக் கிடைத்த போனில் வார்தினி சுகெங்கைக் கூப்பிட்டு வேறு வீடு மாற்றித் தரச் சொல்லி அழுதிருக்கிறாள். ஒப்பந்தம் இருக்கிறது, பொறுத்துக்கொள் என்றாராம்.

காசியெம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எஜமானி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததால்தான் அவள் என்னிடம் சொல்லவில்லையா?

யாத்மி தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கு ஆம் என்று சொல்லியிருக்கலாம். அது எளிதான பொய். அவள் சொல்லவில்லை.

"அந்தம்மாவுக்கு நம்ம பேச்சு ஒரு வார்த்த தெரியாது அத்த. சொல்லியிருக்கலாம். நானே கேட்டேன், ஏண்டி உங்கம்மாகிட்ட சொல்லலன்னு. அம்மா சாப்பிட்டியான்னு கேக்கறப்போ வாயில சம்புன்தான் வருது, வேற வார்த்த வரமாட்டேங்குதுன்னா."

காசியெம் கூடைக்குள் சுருண்டு கிடந்த பூனையைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழம பூனை திங்கறதப் பாத்தா, தானே தின்ன மாதிரி இருக்குன்னு சொல்லுவா" என்றாள் யாத்மி. "அது தின்னு முடிச்சப்புறம் போன வெக்கவே அவளுக்கு மனசு வராது."

யாத்மி போன பிறகு, காசியெம் எழுந்து மீனை உதிர்த்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை அதைத்தான் செய்தது. தட்டை வைத்ததும் தெலோன் கூடையிலிருந்து குதித்து ஓடி வந்தது. முகர்ந்தது. தொண்டைக்குள் குறுகுறுவென்று சத்தம் எழுந்தது. ஒரு துண்டைக் கவ்வி மென்றது. தலையை வெடுக்கென்று உதறி, முன்காலால் தன் கன்னத்தைத் தானே அடித்துக்கொண்டு பின்வாங்கியது. மீன் கீழே விழுந்தது. அதில் ஒரு துளி இரத்தம் இருந்தது.

எத்தனையோ முறை அவள் பார்த்த காட்சிதான். இத்தனை நாளும் அதற்குத் துக்கம் என்று பெயர் வைத்திருந்தாள். பசிக்காத பூனை ஏன் ஓடி வருகிறது? தின்ன விரும்பாதது ஏன் கவ்வுகிறது? அது வேண்டாம் என்று சொல்லவே இல்லை. முடியவில்லை என்று ஒவ்வொரு வேளையும் அவள் கண் முன்னால் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு சம்புன் சொல்லத் தெரியாது. அப்படியிருந்தும் அவள் காதில் விழவில்லை.

துண்டில் சுற்றி மடியில் கிடத்தி, அதன் வாயைப் பிளந்து பார்த்தாள். நாற்றம் முகத்தில் அடித்தது. ஈறு வெந்த இறைச்சிபோல் சிவந்து, கடைவாய்ப் பல்லடியில் சீழ் கட்டியிருந்தது.

மறுநாள் கடை போடவில்லை. பூனையைக் கோழிக்கூடையில் வைத்து, மேலே சாரத் துணியைக் கட்டி, டவுனுக்குக் கிளம்பினாள். எங்கே என்று கேட்டவர்களிடம் டாக்டரிடம் என்றாள். மனிதருக்கே டாக்டர் இல்லாத ஊரில் பூனைக்கு டாக்டரா, துக்கத்தில் காசியெம்முக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பஸ்ஸிலேயே பேசிக்கொண்டார்கள். நூறு நாள் முடியும் முன்பே அந்தப் பூனைக்கு வைத்தியம் பார்த்தால் உன் மகள் வழி தெரியாமல் நிற்பாள் என்று ஜுமிரா வாசலிலேயே கையைப் பிடித்து இழுத்தாள். காசியெம் கையை விடுவித்துக்கொண்டாள். கோபப்படவில்லை.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் பார்க்கிற பெண் டாக்டர்தான். வாயைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். துக்கம் என்று நினைத்தோம் என்றாள் காசியெம். டாக்டர் சிரிக்கவில்லை. அழுகிய பற்களைப் பிடுங்கினார், ஊசி போட்டார். இரண்டு மூன்று நாள் கூழாகக் கொடுங்கள் என்றார்.

அந்த வாரக் கடைசியில் தெலோன் தட்டை வழித்து நக்கியது. நக்கிவிட்டு இன்னும் கேட்டுக் கத்தியது. பிண்டாங் தின்றது, வயிற்றுப்பக்கமும் தின்றது; முன்பு முகர்ந்துகூடப் பார்க்காத பழைய சோற்றையும் தின்றது. வேலிக்கு அப்பாலிருந்து ஜுமிரா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏமாந்துபோன குழந்தையின் முகம்.

"அப்போ... துக்கம் இல்லையா யெம்?"

"பல்வலி" என்றாள் காசியெம்.

சொல்லிவிட்டு உள்ளே போய், பெட்டி வந்த அன்று அழாத அழுகையெல்லாம் அழுதாள். பூனை பிழைத்துவிட்டது. வார்தினிக்காகச் சோறு தள்ளிய ஓர் உயிர் உலகத்தில் இல்லை என்பதும் அதோடு தெரிந்துபோயிற்று. பொய்யான ஆறுதலை எடுத்துவிட்ட இடத்தில் வைப்பதற்கு உண்மையிடம் வேறு ஆறுதல் இருப்பதில்லை. அந்த ஆறுதல் பூனையைக் கொன்றிருக்கும். உண்மை அதைத் தின்ன வைத்தது. உண்மையால் ஆவது அவ்வளவுதான். ஆனால் அது சின்னக் காரியமல்ல. யாராவது ஒருவர், எப்போதாவது ஒருமுறை, வார்தினியின் வாயைத் திறந்து பார்த்திருந்தால் அவளும் தின்றிருப்பாள்.

நூறாம் நாள் ஓதுதலுக்கு ஊர் கூடியது. முற்றத்துப் பாயில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுகெங் புது பாத்திக் சட்டையில் வந்து முன்வரிசையில் அமர்ந்தார். ஓதி முடித்து, வந்தவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகும் சோற்றுப் பெட்டிகள் கைமாறின. கிளம்பும்போது சுகெங் வாசலில் நின்றிருந்த காசியெம்மிடம் வந்து, நல்ல மனிதர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"அக்கா, சாப்பிட்டாச்சா?"

"தெரெங்" என்றாள் காசியெம்.

அவர் தன் காதில் தவறாக விழுந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். புன்சிரிப்பு மாறாமல் தலையைச் சாய்த்தார்.

"தெரெங். இன்னும் சாப்பிடல. எம் மவளும் சாப்பிடல. நீங்க அனுப்புன வீட்ல குளிர்பெட்டிக்குப் பூட்டு போட்டிருந்தாங்க. வேற வீடு கேட்டு உங்ககிட்ட அழுதாளாமே. பொறுத்துக்கன்னு சொன்னீங்களாமே."

பாயிலிருந்து எழுந்துகொண்டிருந்தவர்கள் பாதியில் நின்றார்கள். சோற்றுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் கேட்கக்கூடாத சொல்லைக் கேட்டுவிட்டார்கள்.

"துக்கத்துல பேசறீங்க அக்கா" என்றார் சுகெங். "எல்லாம் விதி. நம்ம கையில என்ன இருக்கு?"

"உங்க கையில போன் இருந்துச்சு" என்றாள் காசியெம்.

சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவன் தன் சோற்றுப் பெட்டியைப் பாயில் திரும்ப வைத்தான். இலேசாக இருந்தது என்று அன்று சொன்னவன் அவன்தான். சுகெங் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். ஊர் அவரைத் துரத்தவில்லை. துரத்தியது என்று எழுத ஆசைதான். பிறகு யாத்மியும் காசியெம்மும் போய்ப் புகார் கொடுத்தார்கள். அது மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கிறது. அந்த மாடி வீட்டின் ஜன்னலில் இப்போது வேறு யாரோ ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள்.

எல்லாரும் போன பிறகு ஜுமிரா ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து காசியெம்மின் முன்னால் வைத்து, எதிரே உட்கார்ந்துகொண்டாள். எதுவும் கேட்கவில்லை. காசியெம் தின்றாள். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மிச்சத்தை, பல் மிஞ்சிய பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு, தெலோன் தின்று முடித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மீனை உதிர்த்து எடுத்துவந்து, பூனையின் தட்டைத் தண்ணீர்ப் பானைக்கு நேரே வைத்தாள். நல்ல முதுகுச் சதைத் துண்டு பானையைப் பார்க்கும்படி தட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள். பானையில் போன் சாய்த்து வைக்கப்பட்டிருக்கவில்லை. பூனை தின்னத் தொடங்கியது. காசியெம் குந்தி உட்கார்ந்து, அது தின்று முடிக்கும்வரை ஒரு விரலால் தட்டின் ஓரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.